அரை மூட்டை பிளீச்சிங் பவுடர்

நீச்சல் குளத்தின் அருகில் போனதும் மூக்கில் குத்துகிற வாடை வந்தால், குளோரின் நிறையப் போட்டுச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. நல்ல தண்ணீரில் அளவாகக் குளோரின் இருந்தால் வாடை பெரிதாக வராது. இறங்கியவர்களின் வியர்வை, தலையெண்ணெய், மூத்திரம் எல்லாவற்றோடும் குளோரின் போய்ச் சேரும்போது கிளம்புவதுதான் அந்த வாடை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டலின் நீச்சல் குளத்தை மூன்று வருடம் பராமரித்தவன் நான். தண்ணீரில் எது அழுக்கு என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லித்தந்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

வேதியியலில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு நான்கு வருடம் சும்மா இருந்தேன். அப்போதுதான் எங்கள் ஊர் எல்லையில் அந்த ஓட்டல் வந்தது. வந்த இடம் எட்டு மா நிலம். அதற்கு முன் நெல் விளைந்த வயல். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது எங்கள் ஊர் மிராசுதார் தன் நிலங்களைச் சமையல்காரர், வண்டிக்காரர் என்று கையில் கிடைத்த பெயர்களில் எல்லாம் எழுதி வைத்தார். இந்த எட்டு மா அவருடைய கணக்கப்பிள்ளையின் பெயருக்குப் போனது. இது பினாமி நிலம், உழுகிறவர்களுக்குப் பிரித்துத் தரவேண்டும் என்று விவசாயச் சங்கத்துக்காரர்கள் செங்கொடி நட்டு அறுவடைக்கு இறங்கினார்கள். அரிவாளோடு முதலில் இறங்கியவர் என் அப்பா. அதற்காகத் திருச்சி சிறையில் கிடந்தார். அவர் வெளியே வந்த பிறகும், நிலம் கேட்டு அவர் போட்ட வழக்கு நடந்துகொண்டே இருந்தது. வழக்கு நடக்கும்போதே வயலில் செம்மண் அடித்து மேடாக்கி ஓட்டலைக் கட்டினார்கள். ஒரு மந்திரி வந்து திறந்துவைத்தார்.

ஓட்டலின் முதலாளி மிராசுதாரின் இளைய மகன். கரை வேட்டி கட்டுகிறவர். ஐயர் இல்லாமல் சீர்திருத்தக் கல்யாணம் செய்துகொண்டவர். மேடை ஏறினால் சாதி ஒழிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார், நன்றாகவே பேசுவார். வேலை கேட்டுப் போனபோது என்னிடம் சொன்னார்: "உங்கப்பா யாருன்னு எனக்குத் தெரியும் தம்பி. நான் அதெல்லாம் பாக்கறதில்ல. படிச்சிருக்க, வந்து சேரு."

சேர்ந்தேன். அப்பா ஆறு மாதம் என்னிடம் பேசவில்லை. சோறு போடும்போது அம்மாவிடம், "ஓட்டல்காரருக்குப் போதுமான்னு கேளு" என்பார். முதலாளி விருந்தாளிகளிடம் என்னைக் காட்டி, "இவங்கப்பா எங்க மேல கேஸ் போட்டிருக்காரு, இவரு நம்ம ஸ்டாஃப்" என்று சிரித்துக்கொண்டே சொல்வதைப் பிறகுதான் கேட்டேன். அப்போதே வேலையை விட்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தக் கோபம் முழுக்க என்மேல்தான்.

வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். தினமும் காலையில் குளத்துத் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து நான்கு சொட்டு சோதனை மருந்து விடுவேன். குளோரின் சரியாக இருந்தால் தண்ணீர் இளமஞ்சளாகும். குறைந்தால் நிறமே வராது, அதிகமானால் ஆரஞ்சாகிவிடும். அட்டையோடு ஒப்பிட்டுப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். வெயில் குளோரினைத் தின்றுவிடும் என்பதால் குளோரின் மருந்தைச் சாயங்காலம் வாளியில் கரைத்துச் சுற்றிலும் ஊற்றுவேன். குளத்தில் இறங்குவதற்கு முன் ஷவரில் குளித்துவிட வேண்டும் என்று பலகை எழுதி மாட்டியதும் நான்தான். ஒருத்தரும் அதை மதித்ததில்லை. கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் விபூதியும் சந்தனமும் தலையில் வழிகிற எண்ணெயுமாகத் தொப்பென்று குதிப்பார்கள். மறுநாள் நான் இரட்டிப்பு மருந்து போடுவேன். அதைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை.

அந்த வருடம் மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போயிற்று. வாய்க்காலில் ஆடுகள் படுத்துக் கிடந்தன. குளத்துக்கு மட்டும் போர் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, அதுவும் மும்முனை மின்சாரம் வருகிற சில மணி நேரம். ஆவணி மாதத்தில் ஒருநாள், மத்தியான வெயிலில், அப்பா ஓட்டலின் பின்வாசல் வழியாக வந்து நின்றார். அதற்கு முன் அவர் அந்த இடத்தில் காலே வைத்ததில்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கோர்ட்டுக்குப் போகும் நாளில் மட்டும் போடுகிற சட்டை.

"கேஸ் தள்ளுபடி ஆயிட்டு" என்றார்.

நான் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தேன்.

"இது வயலே கெடையாதாம். ஆதியிலேருந்து தரிசாம். அடங்கல் கணக்குல அப்படித்தான் இருக்காம். ஜட்ஜ் படிக்கிறாரு, நான் நின்னு கேட்டுக்கிட்டிருக்கேன். நான் நாத்து நட்ட எடம்டா இது."

அவர் குளத்தைச் சுற்றி மெதுவாக நடந்தார். தென்னையையும் மதிலையும் பார்த்து எதையோ கணக்குப் பார்த்தார். ஆழமான பக்கத்துக்கு வந்ததும் நின்றார்.

"மடை இருந்த மூலை இது. இங்கதான் போலீஸ் என்னையப் புடிச்சாங்க." கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார். பிறகு, "எறங்கலாமா?" என்று கேட்டார்.

அன்று ஓட்டலில் விருந்தாளிகள் யாரும் இல்லை. மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். அப்படியும் என் மனதில் முதலில் வந்தது மேனேஜரின் முகம்தான். அந்த ஒரு நொடித் தயக்கத்தை அப்பா கவனித்தார் என்று நினைக்கிறேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"ஷவர்ல குளிச்சிட்டு எறங்கணும்பா. அதுதான் இங்க சட்டம்" என்றேன்.

"நல்ல சட்டந்தான்" என்று சொல்லிவிட்டுச் சட்டையையும் வேட்டியையும் கழற்றி மடித்து வைத்தார். டவுசரோடு ஷவரில் நின்று சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தார். மூன்று வருடத்தில் என் பலகைக்குக் கீழ்ப்படிந்த ஒரே ஆள் அவர்தான்.

அப்பா கொள்ளிடத்தில் நீந்தக் கற்றவர். ஊர்க் குளத்துப் படித்துறையில் எங்கள் ஆட்களை இறங்கவிட மாட்டார்கள் என்பதால் எங்கள் தெருவில் நீந்தத் தெரிந்த எல்லோருமே ஆற்றில் கற்றவர்கள்தான். அறுபது வயதைத் தாண்டிய மனிதர், சத்தமே இல்லாமல் தண்ணீரில் இறங்கி அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்குமாக நான்கு முறை போய்வந்தார். பிறகு மல்லாந்து கையை விரித்து மிதந்தார்.

அப்போது மேலே ஏதோ அசைந்தது. மாடி பால்கனியில் மிராசுதார் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உடம்புக்கு முடியாமல் அந்த மாதம் மகனோடு ஓட்டலிலேயே தங்கியிருந்தார். கண் மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். யார் மிதப்பது என்று அவருக்கும் தெரிந்தது, யார் பார்ப்பது என்று அப்பாவுக்கும் தெரிந்தது. அப்பா அவசரப்படாமல் மிதந்துவிட்டு ஏறி, துடைத்துக்கொண்டு, சட்டையை மாட்டி, டவுன் பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். முதலாளியும் மேனேஜரும் குளத்தோரமே நின்றிருந்தார்கள். முதலாளியின் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

"தம்பி, எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்ல, உனக்கே தெரியும். எங்கப்பா வயசானவரு. சாப்பிட மாட்டேன்னு உக்காந்திருக்காரு. தண்ணிய எறக்கிட்டுப் புதுசா விட்டுடு."

"புதுசா நெரம்ப மூணு நாளாவும் சார். கரண்டு இல்ல" என்றேன்.

மூன்று நாள் பொறுக்க முடியாது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்தை முடித்துக்கொண்டு முதலாளியின் அக்கா குடும்பம் அன்று மாலை வருகிறது. மறுநாள் காலை குளத்தில் இறங்குவார்கள்.

"அப்ப மருந்த கூடப் போட்டுடு."

"எதுக்கு சார்?"

"சும்மா ஒரு சுத்தத்துக்கு."

நான் அறைக்குப் போய்ப் பதிவேட்டையும் கண்ணாடிக் குழாயையும் எடுத்து வந்தேன். அவர்கள் கண்முன்னே தண்ணீர் பிடித்துச் சொட்டு விட்டேன். காலையில் இருந்த அதே இளமஞ்சள்.

"பாருங்க சார், எதுவும் மாறல. எது அசுத்தமாச்சுன்னு சொல்லுங்க. அதுக்கு எவ்வளவு போடணும்னு கணக்குப் பண்ணிப் போடுறேன்."

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேனேஜர்தான் பேசினார். "இந்த வாய்தான் வேணாங்கறது. ஒரு மூட்டைய பிரிச்சுக் கொட்டச் சொன்னா கொட்டணும்."

"கொட்டினா நாளைக்குக் காலையில எறங்கறவங்களுக்குக் கண்ணு எரியும், மூச்சு முட்டும். ராத்திரியில வெயில் கெடையாது, அளவு எறங்காது. நான் செய்ய மாட்டேன் சார்."

தோட்டக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் எங்கள் தெருக்காரர். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அரை மூட்டை பிளீச்சிங் பவுடரை வாளி வாளியாகக் கரைத்து ஊற்றினார். என்னைக் கடந்து போகும்போது, "கோச்சுக்காத தம்பி" என்றார். அவரைக் கோபித்து என்ன ஆகப்போகிறது. குளம் பால்போல வெளுத்தது.

தீட்டு என்ற சொல்லை அன்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முதலாளியின் தாத்தா காலத்தில் என்றால் ஐயரைக் கூப்பிட்டு மந்திரம் சொல்லிப் புண்ணியாகவாசனம் செய்திருப்பார்கள். இவர் பகுத்தறிவாளர், அதனால் பிளீச்சிங் பவுடர். நான் படித்த வேதியியலைக் கொண்டே என் அப்பாவைக் கழுவினார்கள்.

பதிவேட்டில் அன்றைய தேதிக்கு நேராக எழுதினேன்: பிற்பகல் அளவு சரியாக இருந்தது. முதலாளி உத்தரவின்பேரில் அரை மூட்டை கூடுதலாகக் கொட்டப்பட்டது. காரணம், என் அப்பா குளித்தார். கையெழுத்துப் போட்டேன். குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி 'இறங்க வேண்டாம்' என்று அட்டை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அளவு மீறிய குளோரினை முறிக்க ஒரு வழி உண்டு. போட்டோ ஸ்டுடியோவில் படம் கழுவப் பயன்படுத்தும் ஹைப்போ உப்பு. மறுநாள் முதல் பஸ்ஸில் கும்பகோணம் போனேன். ஸ்டுடியோக்கள் திறந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்த, ஸ்டுடியோ வைத்திருந்த பாய் ஒருவரை வீட்டுக்கே போய் எழுப்பினேன். நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, "சின்னப் புள்ளைங்க எறங்குமா?" என்று மட்டும் கேட்டார். கடையைத் திறந்து இருந்த ஹைப்போ பொட்டலம் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது எட்டரை இருக்கும். கயிறும் இல்லை, அட்டையும் இல்லை. பவுடர் அடியில் தங்கிவிட்டதால் தண்ணீர் கண்ணாடியாக நீலமாக இருந்தது. அக்கா குடும்பத்தில் ஏழெட்டுப் பேர் உள்ளே இருந்தார்கள். அறுபது முடிந்த மாப்பிள்ளை நெற்றியில் சந்தனத்தோடு கழுத்தளவு நின்றிருந்தார். நான் ஓரமாகக் குனிந்து குழாயில் பிடித்துச் சொட்டு விட்டேன். ஆரஞ்சைத் தாண்டிச் செங்கல் நிறமாயிற்று.

"எல்லாரும் மேல ஏறுங்க. தண்ணி சரியில்ல, ஏறுங்க" என்று கத்தினேன்.

யாரோ சிரித்தார்கள். ஒருவர், "யாரு இவன்?" என்றார். அதற்குள் அவர்கள் வீட்டு மருமகள் இருமத் தொடங்கினாள். அந்தப் பெண்ணுக்கு மூச்சிழுப்பு உண்டு என்று பிறகு தெரிந்தது. இருமல் நிற்கவில்லை. ஒவ்வொருவராகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஏறினார்கள். நான் பொட்டலங்களைப் பிரித்து வாளியில் கரைத்துக் குளத்தைச் சுற்றி ஓடி ஓடி ஊற்றினேன்.

"என்னத்தடா கொட்டுற?" என்று மேனேஜர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். சொல்வதற்குள் அந்தக் குடும்பத்து ஆள் ஒருவர் என்னைக் கன்னத்தில் அறைந்தார். அந்த மருமகளை அப்போதே காரில் ஏற்றிக் கும்பகோணத்துக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் சிவந்த கண்ணோடு என்னைச் சுற்றி நின்றார்கள். கேஸ் போட்டவன் மகன், தீர்ப்பு வந்த ஆத்திரத்தில் குளத்தில் விஷம் கலந்துவிட்டான் என்று பத்து நிமிடத்தில் பேச்சு முடிவாகிவிட்டது. அந்தப் பேச்சை முதலாளி மறுக்கவில்லை. தன் அக்காவுக்கு முன்னால் நடந்ததைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போலீசுக்குப் போன் செய்ய மட்டும் வந்தது.

ஸ்டேஷனில் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எஸ்.ஐ. காலிப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்து, "என்ன விஷம் இது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். படம் கழுவுற உப்பு என்றேன், அவர் நம்பவில்லை. பதிவேட்டைப் பாருங்கள் என்றேன். ஆள் அனுப்பிப் பதிவேட்டைக் கொண்டுவந்தார்கள். அந்த ஒரு பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது.

என்னைக் காப்பாற்றியது, அந்த மருமகளைப் பார்த்த டாக்டரம்மா. மத்தியானம் எஸ்.ஐ. போனில் கேட்டபோது, இது குளோரின் நெடி, விஷமெல்லாம் இல்லை, ஊசி போட்டாயிற்று, சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னாராம். ஹைப்போ என்றதும், "அத ஊத்தலன்னா இன்னும் மோசமாயிருக்கும்" என்றும் சொன்னாராம். எஸ்.ஐ. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கேஸ் ஒண்ணும் இல்ல, போ. அந்தப் பக்கம் இனிமே போவாத."

"என்னைய அடிச்சாங்க சார். எதுக்குக் கொட்டச் சொன்னாங்கன்னு நான் புகார் எழுதித் தரேன்."

"போன்னு சொன்னேன்ல" என்றார்.

வெளியே அப்பா வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். தோட்டக்காரர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அப்பா என் கன்னத்தைப் பார்த்தார். "நான் எறங்கினதுக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

மறுநாள் காலையில் எங்கள் தெருப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தேன். வாய்க்காலில் தண்ணீர் வருகிறதாம். மேட்டூர் திறக்காமல் எப்படி வரும்? நானும் ஓடினேன். ஓட்டல் மதிலுக்கு வெளியே ஒரு பெரிய குழாய் நீட்டியிருந்தது. மோட்டார் வைத்துக் குளத்தை இறைத்து எங்கள் வாய்க்காலில் விட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மிராசுதார் தன் பிடிவாதத்தில் வென்றுவிட்டார். காய்ந்த வாய்க்காலில் பவுடர் கலங்கி வெளுத்த தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆடுகள் வாய் வைக்கப் போயின. கீழே இரண்டு குழி நிலத்தில் சம்பாவுக்குச் சிலர் குடத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்த நாற்றங்கால் இருந்தது.

என் ஹைப்போ எவ்வளவு முறித்தது, மிச்சம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அளந்து பார்க்க என் கண்ணாடிக் குழாய் மதிலுக்கு உள்ளே இருந்தது. "யாரும் மொள்ளாதீங்க, ஆட்ட ஓட்டுங்க" என்று கத்திக்கொண்டே வாய்க்காலோடு ஓடினேன். தண்ணீரையே பார்க்காத வருடத்தில் வந்த தண்ணீரைத் தொடாதே என்று அந்தப் பெண்களிடம் சொல்ல நேர்ந்ததே, அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அப்பா சங்கத்து ஆட்கள் நான்கைந்து பேரோடு வந்தார். யாரும் கத்தவில்லை. வைக்கோலையும் களிமண்ணையும் பிசைந்து குழாயின் வாயில் அடைத்தார்கள். அதன் முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். உள்ளே மோட்டார் திணறி நின்றது. கொஞ்ச நேரத்தில் முதலாளியே வந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வரப்பில் நின்றார்.

"பெரியவரே, எந்திரிங்க. தண்ணி சுத்தமாத்தான் இருக்குது. டபுளா மருந்து போட்டிருக்கு."

அப்பா எழுந்திருக்கவில்லை. "சுத்தமாத்தான இருக்குது? அப்ப உள்ளயே வச்சுக்குங்க" என்றார்.

முதலாளி வேட்டியை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனார். அன்று முழுக்கவும் அதற்கு அடுத்த நாட்களிலும் அவர்கள் முறைபோட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். நாற்று பிழைத்தது. போலீஸ் வந்து பார்த்துவிட்டு, வயலில் ரசாயனம் விட்டார்கள் என்று பத்திரிகையில் வந்தால் வம்பு என்று நினைத்தோ என்னவோ, ஓட்டல்காரர்களிடமே போய்ப் பேசியது. மோட்டாரைக் கழற்றினார்கள். குளத்தைப் பார்க்க ஆள் இல்லை, பாதித் தண்ணீர் அப்படியே நின்றது. மூன்றாவது வாரம் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது என்று தோட்டக்காரர் சொன்னார்.

நடந்ததையெல்லாம் சொல்லி நான் கலெக்டருக்கு மனு எழுதினேன். விசாரித்ததில் மனுதாரர் தாமாகவே பணியிலிருந்து விலகியதாகத் தெரியவருகிறது என்று பதில் வந்தது. அதை எழுதிய கை யாருடையது என்று தெரியாது. தெரிந்திருந்தால் நேரில் போய்க் கேட்டிருப்பேன். பிறகு ஒரு நகராட்சியில் குடிநீர்த் தொட்டிகளுக்குக் குளோரின் போடுகிற வேலை கிடைத்தது, ஓய்வு பெறும்வரை அதையே செய்தேன். எல்லாத் தெருவுக்கும் ஒரே அளவுதான் போட்டேன்.

அந்தத் தீர்ப்பை எதிர்த்து அப்பா மேல்முறையீடு செய்தார். இரண்டு வருடம் வாய்தாவுக்குப் போய்வந்தார். ஒருநாள் கோர்ட்டிலிருந்து திரும்பும் வழியில், பஸ்ஸிலேயே, நெஞ்சு வலித்து இறந்துபோனார். வழக்கில் அவருடைய பெயரை அடித்துவிட்டு என் பெயரைச் சேர்த்தார்கள், அது இன்னும் நடக்கிறது. வக்கீல் சமரசமாகப் போகலாம் என்கிறார். முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.